பெத்தாங்க் திடலுக்குப் புதிதாகப் போகிறவருக்கு

வேலை நிமித்தமோ கல்யாணத்தின் வழியாகவோ தென் பிரான்ஸின் புரோவான்ஸ் பக்கம் ஒரு சிற்றூருக்குக் குடிபோயிருக்கிறீர்கள். ஆறு மாதமாகிவிட்டது. ரொட்டிக்கடை அம்மாவைத் தவிர ஊரில் ஒருவரையும் தெரியாது. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெயில் தாழ்ந்ததும் ஊர் நடுவில் உள்ள சதுக்கத்துக்குப் போங்கள். பிளாத்தான் மர நிழலில் இரும்போடு இரும்பு மோதி 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஊர் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் பெத்தாங்க். புரோவான்ஸ் மொழியில் 'பே தான்கா' என்றால் ஊன்றிய கால். அதிலிருந்து வந்த பெயர். கையளவு இரும்புப் பந்தை, சின்ன மரப் பந்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியும் என்பதுதான் ஆட்டம். அந்த இரும்புப் பந்துக்குப் பிரெஞ்சில் உள்ள பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இந்தக் கட்டுரையை வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாது. ஆகவே குண்டு என்றே சொல்கிறேன். மரப் பந்துக்குக் 'கொஷோனே' என்று பெயர், அதாவது பன்றிக்குட்டி. நாம் குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு முன்பு இந்தப் பக்கம் ஆடியது 'லா லோங்க்' என்ற நீள ஆட்டம். குட்டி 15 முதல் 21 மீட்டர் தூரத்தில் கிடக்கும். அடிப்பதற்கு மூன்று எட்டு ஓடிவந்து வீச வேண்டும். மார்செய்க்குக் கிழக்கே லா சியோத்தா என்ற கடற்கரை ஊரில் ழூல் லெனுவார் என்று ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்தார். மூட்டுவாதம் வந்து அவரால் ஓட முடியாமல் போயிற்று. அவருக்காக நண்பர் எர்னெஸ்ட் பித்தியோ தூரத்தைக் குறைத்து, வட்டத்துக்குள் நின்றபடியே வீசலாம் என்று ஆட்டத்தை மாற்றினார். 1907 என்று சிலர் சொல்வார்கள், 1910 என்று சிலர். எந்த வருஷமாக இருந்தாலும், முடியாதவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்று பிறந்த ஆட்டம் இது. புதிதாகப் போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும்.

முதல் மூன்று நாள்: நிற்பது

குண்டு வாங்கிக்கொண்டு முதல் நாளே போய் நிற்காதீர்கள். வெறுங்கையோடு போங்கள். மதியம் 12 மணி முதல் 2 மணி வரை திடலில் காக்கைகூட இருக்காது, சாப்பாட்டு நேரம். கோடையில் ஐந்து மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். குளிர்காலத்தில் இரண்டரை, மூன்று மணிக்கே தொடங்கி, இருட்டுமுன் முடித்துவிடுவார்கள்.

போனதும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்லாமல், பெஞ்சில் இருக்கும் கிழவர் முதல் நாயோடு நிற்கும் அம்மா வரை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். போன்ஜூர் சொல்லாமல் கேள்வி கேட்பவரை இங்கே வளர்ப்புச் சரியில்லாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பழகியபின் எல்லோரோடும் கை குலுக்குவது வழக்கம். கையெல்லாம் மண்ணாக இருப்பவர் மணிக்கட்டை நீட்டுவார். அதைத் தொட்டால் போதும். கன்னத்தோடு கன்னம் வைக்கும் முத்தத்தை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அது வரும்போது வரும்.

எங்கே நிற்பது என்பதும் ஒரு பாடம்தான். வீசுபவரின் பார்வையில் படும்படி, குட்டிக்குப் பின்னால் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. வட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது. ஒருவர் குண்டைக் கையில் எடுத்து வட்டத்துக்குள் போய்விட்டால் பேச்சை நிறுத்த வேண்டும். அதுவரை காது கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் அந்த நொடியில் அடங்குவதைப் பாருங்கள், கோயிலில் தீபாராதனை காட்டும் நேரம் மாதிரி இருக்கும். குண்டு தரையில் பட்டதும் மறுபடி சந்தைதான்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒருவர் கேட்பார்: "ஆடுவீர்களா?" தெரியாது என்று சொல்லுங்கள். 'தெரியும்' என்று சொல்லிவிட்டு முதல் குண்டைச் சாக்கடைக்கு அனுப்புவதைவிட அது நல்லது. தெரியாது என்றால் உடனே மூன்று ஆசிரியர்கள் கிடைப்பார்கள். மூவரும் மூன்று விதமாகச் சொல்லித்தருவார்கள் என்பது வேறு விஷயம்.

குண்டு

சூப்பர் மார்க்கெட்டில் பையோடு சேர்த்து விற்கும் மலிவுக் குண்டுகள் பழகப் போதும். விதிப்படி நடக்கும் போட்டிக்கு அவை செல்லாது. போட்டிக் குண்டின் குறுக்களவு 7.05 முதல் 8 செ.மீ. வரை, எடை 650 முதல் 800 கிராம் வரை இருக்கலாம். செய்த நிறுவனத்தின் குறியும் எடையும் குண்டின் மேலேயே பொறித்திருக்கும். இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் லுவார் மாவட்டத்தின் சேன் பொனே லெ ஷாத்தோ. ஒபுட் நிறுவனம் 1955 முதல் அங்கே இருக்கிறது.

பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் உங்கள் வேலை என்றால் கொஞ்சம் சின்னதாக, கனமாக, வரி போட்ட குண்டு நல்லது. உருளும்போது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எதிராளி குண்டை அடிப்பவர்கள் சற்றுப் பெரிய, லேசான, வழவழப்பான குண்டை விரும்புவார்கள். முதல் குண்டை வாங்கும்முன் திடலில் நாலு பேருடைய குண்டை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். தன் குண்டைப் பற்றிப் பேசப் பிடிக்காதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் குண்டு இரும்பே இல்லை. வெர்தோன் பள்ளத்தாக்கு ஓரத்தில் எகீன் என்று ஒரு மலைச் சிற்றூர். அங்கே புய் மரத்தின் வேரைக் கடைந்து உருண்டையாக்கி, மேலே ஆணிகளை நெருக்கி நெருக்கி அடித்து, மீன் செதில் மாதிரி மூடிவிடுவார்கள். ஆணி அடிக்கும் வேலை பெண்களுடையது. 1920களில் உலோகக் குண்டு வந்தபின் அந்தக் கைத்தொழில் மெல்ல மறைந்தது. பழைய வீட்டு அலமாரியில் அப்படி ஒரு குண்டு இருந்தால், ஆடக் கேட்காதீர்கள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குண்டு தவிர ஒரு துணியும் அளவு நாடாவும் வேண்டும். குனிய முடியாதவர்கள் நூலில் கட்டிய காந்தம் வைத்திருப்பார்கள், குண்டு அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். காலுக்கு மூடிய ஷூ அவசியம். நம் ஆட்களுக்குச் செருப்போடு போகும் பழக்கம் உண்டு. முக்கால் கிலோ இரும்பு கால் விரலில் விழுந்தால் அதன்பிறகு செருப்புகூடப் போட முடியாது.

வீசும் விதம்

தரையில் 35 முதல் 50 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் கீறிக்கொள்ள வேண்டும். ஷூ நுனியால் கீறினாலும் சரி, பிளாஸ்டிக் வளையம் வைத்தாலும் சரி. இரண்டு பாதமும் அதற்குள் இருக்க வேண்டும். குண்டு தரையில் விழும்வரை கால் தரையை விட்டு எழக் கூடாது. இந்த ஒரு விதியில்தான் ஆட்டத்தின் பெயரே இருக்கிறது.

குண்டை உள்ளங்கையில் வையுங்கள். விரல்கள் சேர்ந்திருக்கட்டும், கட்டைவிரலுக்குப் பெரிய வேலை இல்லை. இப்போது கையைக் கவிழுங்கள். புறங்கை மேலே, குண்டு கீழே. புதிதாக ஆடும் எல்லோருமே உள்ளங்கையை மேலே வைத்துத்தான் வீசுவார்கள். பார்த்ததும் திடல் முழுக்கத் தெரிந்துவிடும், ஆள் புதுசு என்று. கவிழ்த்த கையைப் பின்னால் கொண்டுபோய், ஊஞ்சல் மாதிரி முன்னால் விட்டு, கடைசியில் மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் குண்டு பின்சுழலோடு போகும். விழுந்த இடத்தில் அது தயங்கி நிற்கும், ஓடிவிடாது.

அப்புறம், கண்ணுக்கு ஒரு வேலை. குட்டியைப் பார்த்து வீசாதீர்கள். குண்டு முதலில் எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்து வீசுங்கள். அதற்கு 'தொன்னே' என்று பெயர். திடல் மேசை மாதிரி சமமாக இருக்காது. இங்கே சரிவு, அங்கே வேர், நடுவே சரளை. நல்ல ஆட்டக்காரர் வீசும்முன் நடந்துபோய் அந்த ஓரடி மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். முந்தைய குண்டு விழுந்த குழியில் ஒன்றை மட்டும் மூடிக்கொள்ள அனுமதி உண்டு. வீட்டுத் தோட்டத்தில் நாலு மீட்டர் தூரத்தில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு, குண்டு அதன்மேல் விழும்படி தினமும் ஐம்பது முறை வீசிப் பாருங்கள். எங்கே உருண்டு போகிறது என்று பார்க்கவே வேண்டாம். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பக்கத்தில் வைப்பது 'புவாந்தே', எதிராளி குண்டை அடித்துத் தூக்குவது 'தீரே'. "தீர் பண்ணுவாயா, புவாந்த் பண்ணுவாயா?" என்பதுதான் திடலில் அதிகம் கேட்கும் கேள்வி. பாதி சண்டைகள் இதில்தான் ஆரம்பிக்கும். கோலிக்குண்டு ஆடியவர்களுக்குத் தீரே புரியும். பறந்துபோய் எதிராளி குண்டின் தலையில் விழுந்து, அதை விரட்டிவிட்டு, நம் குண்டு அதே இடத்தில் உட்கார்ந்தால் அதற்குக் 'கரோ' என்று பெயர். கைதட்டு உண்டு, எதிரணியிலிருந்தும். முதல் வருஷம் நீங்கள் புவாந்த் மட்டும் பண்ணுங்கள். அடிப்பவரின் குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கணக்கு

ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர் என்றால் ஆளுக்கு மூன்று குண்டு. மூவருக்கு மூவர் என்றால் ஆளுக்கு இரண்டு. முதலில் ஒருவர் குட்டியை 6 முதல் 10 மீட்டருக்குள் வீசுவார், பிறகு தம் அணியின் முதல் குண்டையும் போடுவார். அடுத்தது எதிரணி. இதன்பின் யாருடைய குண்டு குட்டிக்குப் பக்கத்தில் இல்லையோ அந்த அணிதான் வீசிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் போகும்வரை அல்லது குண்டு தீரும்வரை. மாறி மாறி வீசுவது என்று நினைத்து நான் பலமுறை முந்திக்கொண்டு வட்டத்துக்குள் போய் நின்றிருக்கிறேன்.

எல்லாக் குண்டும் முடிந்ததும், எதிராளியின் மிக நெருங்கிய குண்டைவிட நெருக்கமாக உங்களுக்கு எத்தனை இருக்கிறதோ அத்தனை புள்ளி. முதலில் 13 எடுத்தவர் வென்றார். ஒரு பழமொழி உண்டு: முன்னால் நிற்கும் குண்டு காசுக் குண்டு. குட்டியைத் தாண்டிப் போனது பிணமாகக் கிடக்கும். முன்னால் கிடப்பது எதிராளிக்கு வழிமறிக்கும், பின்னால் வரும் குண்டு தட்டினால் இன்னும் நெருங்கவும் செய்யும். ஆகவே குறையாகப் போட்டாலும் போடுங்கள், கூடுதலாகப் போடாதீர்கள்.

13-க்கு 0 என்று தோற்றால் ஃபனி. ஃபனி என்பது ஒரு பெண்ணின் பின்பக்கம், படமாகவோ பொம்மையாகவோ இருக்கும். பல மன்றங்களில் சின்னத் திரை போட்டு வைத்திருப்பார்கள். தோற்றவர் மண்டியிட்டு அதற்கு ஒரு முத்தம் வைக்க வேண்டும், கூட்டம் சுற்றி நின்று சிரிக்கும். கோபப்பட்டால் கதை வருஷக்கணக்கில் ஓடும். முத்தம் வைத்துவிட்டால் அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள்.

நான் செய்த தப்பு

வார் மாவட்டத்து மலைச் சிற்றூர் ஒன்றில் எனக்கு இது நடந்தது. நான்காவது நாள்தான் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சுற்று முடிந்தது. வயதானவர்கள் குனியச் சிரமப்படுகிறார்களே என்று நானாக ஓடிப்போய் நாலைந்து குண்டைப் பொறுக்கிக் கையில் கொடுத்தேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டு குண்டுகள் குட்டியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் கிடந்திருக்கின்றன. நாடா எடுத்து அளப்பதற்குள் நான் அதில் ஒன்றைத் தூக்கிவிட்டேன். நீலத் தொப்பி போட்ட ஒரு தாத்தா மட்டும் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கொலேக், இது தக்காளி இல்லை, விழுந்ததும் பொறுக்குவதற்கு."

'கொலேக்' என்றால் உடன் வேலை செய்பவர். ஆனால் மார்செய்ப் பக்கத்துப் பேச்சில் அது 'மச்சான்' மாதிரி, நண்பன் என்று பொருள். அன்றைக்கு எனக்குத் திட்டு மட்டும்தான் காதில் விழுந்தது. அந்தச் சொல்லின் அர்த்தம் மறுநாள்தான் உறைத்தது.

ஆகவே இரு அணியும் புள்ளியை ஒப்புக்கொள்ளும்வரை எந்தக் குண்டையும் தொடாதீர்கள். அளப்பது கடைசியாக வீசிய அணியின் வேலை. அவர்கள் அளந்தபின் எதிரணியும் அளக்கலாம். குனிந்து, கண்ணை இடுக்கி, சுள்ளியை உடைத்து வைத்துப் பார்த்து, பிறகு நாடா, பிறகு இன்னொருவருடைய நாடா என்று கால் மணி நேரம் போகும். அவசரப்படுத்தக் கூடாது. அளக்கும் நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் வரும்: கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டை விற்கிறார், டாக்டர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வருவாரா. எனக்குத் தெரிந்த பிளம்பர், விறகு விற்பவர், மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அம்மா எல்லோரும் இப்படி அளக்கும் நேரத்தில் கிடைத்தவர்கள்தான்.

சத்தத்தைக் கண்டும் மிரள வேண்டாம். குரலை உயர்த்துவது ஆட்டத்தின் ஒரு பாகம். 'கலெஜாத்' என்று ஒரு கலை இங்கே உண்டு, முகத்தை மாற்றாமல் பொய்க்கதை அளந்துவிடுவது. மார்செய்த் துறைமுகத்தையே ஒரு மத்தி மீன் அடைத்துவிட்டது என்பது அதில் புகழ்பெற்றது. உங்களையும் அப்படி ஒன்று சொல்லி ஏமாற்றினால், சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆட்டம் முடிந்தபின்

தோற்றவர் குடிக்க வாங்கித் தருவது வழக்கம். அது முடிந்தால் இன்னொருவர் முறை. இதைத் 'துர்னே' என்பார்கள். யார் முறை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் கணக்குத் தெரியும். இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்ப்பவர் என்ற பெயர் வந்துவிட்டால் அதைக் கழுவ முடியாது.

பெரும்பாலும் பஸ்தீஸ்தான், சோம்பு வாசம் அடிக்கும் மது. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும். ஐஸ் கட்டி கடைசியில்தான். குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டாம். புதினா சிரப்பில் தண்ணீர் ஊற்றித் தரும் 'மாந்த் அ லோ' கேளுங்கள், குழந்தை முதல் கிழவர் வரை குடிப்பதுதான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடிக்கவில்லை என்பதற்காக எழுந்து போய்விடாதீர்கள். அந்த முக்கால் மணி நேரம்தான் முக்கியம்.

'து' என்று ஒருமையில் கூப்பிடுவதா, 'வூ' என்று மரியாதையாகவா என்ற குழப்பம் வரும். திடலில் சீக்கிரமே ஒருமைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் எழுபது தாண்டியவரிடம் அவர் சொல்லும்வரை மரியாதைதான்.

திருவிழாவும் போட்டியும்

கோடையில், அதிகமும் ஆகஸ்டில், ஊர்க் காவல் புனிதர் பெயரில் திருவிழா வரும். ரொட்டிக்கடைக் கதவில் சுவரொட்டி ஒட்டியிருக்கும், அதில் குண்டுப் போட்டி ஒரு வரி. 'அ லா மெலே' என்று போட்டிருந்தால் அது உங்களுக்கானது. தனி ஆளாகப் பெயர் கொடுத்தால் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணத்துக்கு 'மீஸ்' என்று பெயர். பரிசுத் தொகையோடு 'கூட்டல் மீஸ்' என்று எழுதியிருந்தால் வசூலான கட்டணமும் பரிசில் சேரும் என்று பொருள். ஆரம்பத்திலேயே தோற்றவர்களுக்கென்று 'கோன்சொலாந்த்' என்று இன்னொரு போட்டி தனியாக நடக்கும். எனக்கு மிகவும் பழக்கமான போட்டி அதுதான். முறைப்படியான போட்டிகளுக்கு மட்டும் மன்றத்தில் சேர்ந்து வருடாந்திர லிசான்ஸ், அதாவது ஆட்ட அனுமதிச் சீட்டு, எடுக்க வேண்டும். செப்டம்பரில் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாள் ஒன்று வரும், அன்று போய்ப் பேசுங்கள்.

மார்செயில் 1962 முதல் கோடைதோறும் நடக்கும் பெரும் போட்டியை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பொரேலி பூங்கா முழுக்கக் குண்டுதான். ஆட்டம் கடல் தாண்டியும் போயிருக்கிறது, புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள்.

திருவிழாவின் கடைசி நாள் நீள மேசை போட்டு அயோலி விருந்து. பூண்டை எண்ணெயோடு கடைந்த சாந்து, அதோடு உப்பு நீக்கி வேகவைத்த காட் மீன், முட்டை, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ். மீன் சாப்பிடாதவர்கள் காய்கறிப் பக்கம் தாராளமாகப் புகுந்து விளையாடலாம், ஆனால் சாந்தில் முட்டை மஞ்சள்கரு இருக்கும். சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். சொந்தத் தட்டும் கரண்டியும் கொண்டுவரச் சொல்லும் ஊர்களும் உண்டு. மேசை தூக்க, நாற்காலி அடுக்க ஆள் தேடுவார்கள். அதற்குக் கை தூக்குங்கள், அடுத்த வருஷம் சீட்டு உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

மிஸ்த்ரால் காற்று அடிக்கும் நாளில் திடல் காலியாக இருக்கும். குளிர்காலத்தில் ஆட்கள் பலர் உள்ளே போய்விடுவார்கள், பெலோத் சீட்டாட்டத்துக்கும் ஊர்க் கூடத்தில் நடக்கும் லோட்டோவுக்கும். கூடவே போங்கள். கொஞ்ச காலம் கழித்து நீங்கள் இரண்டு நாள் திடலுக்குப் போகாவிட்டால், ரொட்டிக்கடையில் கேட்பார்கள், ஏன் வரவில்லை என்று. பூசி மெழுகாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பல் வலி என்றால் பல் வலி. மாலைக்குள் திடலில் மூன்று பல் வைத்தியர் பெயர் தயாராக இருக்கும், யார் நல்லவர் என்ற சண்டையோடு.